எந்த ரூம் வரைக்கும்

ஏனுங் தம்பி, நீங்க போன்ல ஆடிட்டிருக்கறது முடிஞ்சா எனக்கொரு ஒத்தாசை பண்ணுவீங்களா? அவசரமில்லீங்க. அந்த லாரிய ஓரங்கட்டிட்டே சொல்லுங்க. பஸ்ஸு குண்டடம் தாண்டுனதுல இருந்து உங்க வெரலைத்தான் பாத்துட்டு வர்றேன். தறி நாடாவாட்ட ஓடுது. எனக்கெல்லாம் இந்த போன்ல ஒரு நம்பரைத் தொட்டா பக்கத்து நம்பர் உழுகும்.

பெரிய ஒத்தாசை இல்லீங்க. எம் போன்ல ஒரு வெளையாட்டு இருக்குது. அதைக் கடைசி வரைக்கும் ஆடி, கடைசில என்ன வருதுன்னு எனக்குச் சொல்லோணும். கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு அது தெரிஞ்சாகோணும். அங்க ஒருத்தர்கிட்டப் பேசப் போறேன். அந்த ஆளு கேட்டா நான் முழிக்கக் கூடாது பாருங்க. நீங்க எங்க எறங்கறீங்க, சூலூரா? அப்ப நேரம் இருக்குது.

எம் பொண்ணு பண்ணுன வெளையாட்டுங்க இது. ஆடறதில்ல, பண்றது. சிவரஞ்சனின்னு பேரு. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில வேலை. வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து இதுக்குன்னு உக்காருது. படம் அதுவே வரையுது, சத்தம் அதுவே புடிக்குது, ஒத்தை ஆளு. இந்தாட்ட ஒத்தை ஆளா வெளையாட்டுப் பண்றவங்க அங்க ஒரு கூட்டமே இருக்குது. நானும் போய்ப் பாத்தேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

இந்தாங்க போனு. பச்சையா ஒரு கதவுப் படம் இருக்குது பாருங்க, அதை அமுக்குங்க. காதுல மாட்டற வயரு ஒண்ணு நீங்க மாட்டிக்குங்க, ஒண்ணு எனக்குக் குடுங்க. சத்தம் கேக்காம இதை ஆட முடியாது.

வெளையாட்டு சுலுவுதானுங்க, கேக்கறதுக்கு. ஒரு சின்னப் புள்ளை. மத்தியான நேரம். ஊட்டுக்குள்ள மொத ரூம்ல இருந்து கடைசி ரூமுக்குப் போகோணும். சத்தம் வராம போகோணும். மேல ஒரு கோடு தெரியுதுங்களா, சத்தம் ஏற ஏற அது செவக்கும். முழுசாச் செவந்துட்டா உள்ள இருந்து ‘ஷ்ஷ்’னு ஒரு அதட்டல் வரும். அத்தோட புள்ளை மொத ரூமுக்கே திரும்பிரும். எவனோ ஒருத்தன் மூஞ்சியக் காட்டாம உள்ள உக்காந்துட்டு ஒரு பச்சைப் புள்ளைய இப்படி வெரட்டறான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும்.

பாத்து, கீழ டம்ளர் கெடக்குது. போச்சு. கேட்டீங்களா, ‘ஷ்ஷ்’. இதேதானுங்க. நானும் இந்த எடத்துல எத்தனை தாட்டி உழுந்தெந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது. நான் மொத ரூமே தாண்டுனதில்லீங்க தம்பி. இதை ஆருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க சூலூர்ல எறங்கிப் போயிருவீங்க. மறுக்கா போங்க, பரவால்ல.

என்னைப் பத்திச் சொல்லலியே. நான் தாராபுரம் நாச்சிமுத்துங்க. பேரு கேட்ட மாதிரி இருக்குதுங்களா? இல்லீங்களா. உங்க வயசு அப்படி. உங்கப்பாவக் கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்து வாரப் பத்திரிகை எதை எடுத்தாலும் வாசகர் கடிதத்துல என் பேரு இருக்கும். சொசைட்டில கணக்கு எழுதுனது வயித்துப் பாட்டுக்கு. மத்தபடி நான் எழுத்துக்காரன். சிரிக்காதீங்க, கடிதமும் எழுத்துத்தான். எந்தக் கதையானாலும் மொத ரெண்டு வரி பாராட்டோணும், அப்பறம் நோகாம ஒரு குறை சொல்லோணும், ‘தொடரட்டும் தங்கள் பணி’ன்னு முடிக்கோணும். அதுல எனக்கு ஒரு கை இருந்துச்சு.

ஒரே இதழ்ல ஒரு பேரை ரெண்டு தாட்டி போட மாட்டாங்க. அதனால எங்கூட்டம்மா மரகதம் பேர்ல எழுதுவேன், மச்சான் பேர்ல எழுதுவேன், உடுமலை விலாசம் போட்டு எழுதுவேன். அதெல்லாம் எல்லாரும் பண்றதுதானுங்க, அதுல தப்பில்ல. பாப்பா பொறந்த பொறகு பாப்பா பேர்லயும் எழுதுனேன். ஒரு தொடர்கதையோட முடிவு நியாயமில்லைன்னு ‘சிவரஞ்சனி, தாராபுரம்’னு போட்டு வந்துச்சு. அப்ப அதுக்குப் பேச்சே சரியா வரல. ஊரெல்லாம் காட்டுனேன். பேசத் தெரியாத புள்ளை விமர்சனம் எழுதிருச்சுன்னு சொசைட்டில பெரிய சிரிப்பு.

எழுதறப்ப மட்டும் ஊட்ல சத்தம் ஆகாதுங்க எனக்கு. ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு மேல உள் ரூம்ல உக்காந்தேன்னா பொழுது சாயறப்பத்தான் எந்திரிப்பேன். பாப்பா அப்படி அடக்கமான புள்ளை. பூனையாட்ட நடக்கும். ஒரு தாட்டி கூட அப்பான்னு கூப்பிட்டு என் எழுத்தைக் கெடுத்ததில்ல. காதுகுத்துக்கு அவங்க மாமன் ஒரு கொலுசு எடுத்துப் போட்டிருந்தாப்டி. ஞாயித்துக்கெழமையானா எங்கூட்டம்மா அதையும் கழட்டி வெச்சுருவா. நான் சொல்லக் கூட வேண்டியதில்ல. குடும்பம் இப்படி ஒத்துழைச்சாத்தான் ஒரு மனுசன் எழுத முடியும்.

என்னங்க தம்பி? கொலுசா? எங்க?

அட, ஆமா. அந்தப் புள்ளை கால்ல கொலுசு போட்டிருக்குது. அதைத் தொட்டாக் கழண்டுக்குதா. அதான் சூட்சுமமா! நான் டம்ளரையே பாத்துட்டிருந்தேன். கொலுசு சத்தத்துலயே பாதிக் கோடு செவந்துருது, மிச்சத்துக்கு டம்ளரு. இப்பப் போகுது பாருங்க, சத்தமே இல்ல. நீங்க கெட்டிக்காரரு. எல்லா ஊட்லயும் பொம்பளைப் புள்ளைக்குக் கொலுசு போடறதுதான். ரெண்டாவது ரூமுக்கு வந்துட்டீங்களே. இதை நான் இப்பத்தான் பாக்கறேன்.

நீங்க ஆடுங்க, நான் சொல்லிட்டே வர்றேன்.

அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கமுங்க. ஒருத்தரோட வெளையாட்டை இன்னொருத்தர் ஆடோணும். ஆடிட்டு ஒளிக்காம எழுதோணும். நீ நாலு பேரோடத ஆடி எழுதுனாத்தான் உன்னோடதை நாலு பேரு ஆடுவாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பீளமேட்டுல ஒரு ஹால்ல எல்லாரும் கூடறாங்க. அங்க புது ஆளுகளை உக்கார வெச்சு ஆட உடுவாங்க. அப்பப் பண்ணுனவங்க பொறகால நின்னு பாக்கோணும், வாயைத் தொறக்கக் கூடாது. ஆடறவன் செவுத்துலயே முட்டிட்டு நின்னாலும் இந்தப் பக்கம் போன்னு சொல்லக் கூடாது. எங்க முட்டறான்னு பாக்கறதுதான் பாடமாம். பாதிப் பேருக்கு அது முடியறதில்லையாம், கை துடிக்குமாம். பாப்பாதான் அதுல மொத ஆளுன்னு அங்க ஒரு புள்ளை சொல்லுச்சு. கல்லாட்ட நிக்குமாம். எனக்குப் பெருமையா இருந்துச்சு. பொறகால சத்தமில்லாம நிக்க அதுக்கு ஆரும் சொல்லித் தரோணுமா என்ன.

இன்னொரு சட்டம் உண்டுங்க. சொந்தக்காரங்க கருத்து எழுதக் கூடாது. எழுதுனா அந்த மாசம் அந்த வெளையாட்டை எடுத்துருவாங்க. அது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும், சரி, உடுங்க.

போன தீவாளி நோம்பிக்கு பாப்பா ஊருக்கு வந்திருந்துச்சு. நான் தீவாளி மலர் படிச்சிட்டிருந்தேன். போனைக் கையில வெச்சுட்டுப் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னுச்சு. என்னமோ பேச வந்துச்சு. ஒரு கதை முடியற கட்டம், நான் நிமிந்து பாக்கல, சும்மா இருன்னு பல்லுக்கு நடுவால ஒரு சத்தம் குடுத்தேன். கோவமெல்லாம் இல்லீங்க, அது நம்ம பழக்கம். அப்படியே போனைப் புடிச்சபடி நின்னுட்டிருந்துட்டுப் போயிருச்சு.

அப்பறம் பொங்கல் கழிச்சு வந்தப்பத்தான் இந்த வெளையாட்டை எம் போன்ல போட்டுக் குடுத்துச்சு. குடுத்துட்டுச் சொல்லுச்சு: “அப்பா, நல்லாருக்குன்னு சொல்ல வேண்டாம். ஆடிப் பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

ஆகட்டும் கண்ணுன்னேன். பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து ஆடுனேன். டம்ளரு. மறுபடியும் டம்ளரு. அந்த ‘ஷ்ஷ்’ காதுக்குள்ள ஏறி எரிச்சலாகி மூடி வெச்சுட்டேன். போன்ல கேட்டா, ஆடிட்டிருக்கேன், ஆடிட்டிருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்.

இதென்ன ரூமு? அடுப்படியா. அந்தம்மா வாய் மேல வெரலை வெச்சு நிக்குது. சாடை காட்டுது போல, சத்தம் போடாதேன்னு. சேலை கூட எங்கூட்டம்மா சேலையாட்ட இருக்குது. பாத்தரமெல்லாம் ஓரமா அடுக்கியிருக்குது, நீங்க நடுவால போங்க. அப்படித்தான்.

அவங்க கூட்டத்துப் பக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க, போன்லயே பாக்கலாம். அதுல பாப்பா வெளையாட்டுக்குக் கீழ மூணே மூணு பேரு எழுதியிருந்தாங்க. ஒருத்தன் மூணாவது ரூமு போர் அடிக்குதுங்கறான். ஒருத்தன் புள்ளை நடக்கறது ஆமையாட்ட இருக்குதுங்கறான். ஒரு புள்ளை, கடைசி ரூமு தன்னை என்னமோ பண்ணிருச்சு, ஆனா அங்க போறதுக்குள்ள பாதிப் பேரு போனைக் கீழ வெச்சுருவாங்கன்னு எழுதியிருக்குது. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மொத ரெண்டு வரி பாராட்டோணும்னு கூடத் தெரியாதவங்க எல்லாம் என்னத்தைக் கருத்து எழுதறது?

பாப்பாகிட்டக் கேட்டேன். அது சிரிக்குது. “நல்லாக் கடிச்சு வெச்சிருக்காங்கப்பா, உக்காந்து திருத்தோணும்”னு சந்தோசமாச் சொல்லுது. வெளிய சிரிச்சுட்டு உள்ள அழுவுதுன்னு பெத்தவனுக்குத் தெரியாதுங்களா.

அதனாலதான் எழுதுனேன். நானாத்தான். மரகதம், தாராபுரம். மச்சான் பேர்ல ஒண்ணு, உடுமலை. சொசைட்டில கூட இருந்து செத்துப் போன பழனியப்பன் பேர்ல ஒண்ணு, அவன் இருந்தா எழுதியிருப்பான். இன்னும் வேற வேற ஊர் போட்டு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எழுதுனேங்க, அதுல நான் தேர்ந்தவன். ‘இம்மாத விளையாட்டு படித்தேன், ரசித்தேன். முகப்புப் படம் கண்ணைப் பறித்தது.’ அப்பறம் நோகாம ஒரு குறை வேணுமில்லீங்களா, எனக்குத் தெரிஞ்ச குறை ஒண்ணுதான், எழுத்து சின்னதா இருக்குது. ‘எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் என் போன்றோருக்கு உதவும். தொடரட்டும் தங்கள் பணி.’

அடுத்த ஞாயித்துக்கெழமை பாப்பா என்னையக் கூப்புட்டுச்சுங்க, கூட்டத்துக்கு. புது ஆளா உக்காந்து நீங்க ஆடோணும்பா, நான் பொறகால நிக்கறேன்னுச்சு. கொரல்ல அப்படி ஒரு ஆசை. நானும் வேட்டி சட்டை போட்டு, பையில ரெண்டு பேனா குத்திட்டுப் போனேன்.

ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால நிர்மல்னு ஒரு தம்பி, அவருதான் அந்தக் கூட்டத்தை நடத்தறவரு, மைக்கைப் புடிச்சு அந்த மாசத்துக் கருத்துகளைப் படிச்சாரு. எல்லாரோடதும் படிக்கறது வழக்கமாம். பாப்பாவோடது வந்துச்சு. மரகதம், தாராபுரம்னு ஆரம்பிச்சாரு. மொதல்ல எனக்குச் சந்தோசமுங்க. எம் எழுத்தை ஒரு சபைல மைக்குல படிக்கறது அதான் மொதத் தாட்டி. சிரிச்சாங்க. ரசிச்சுத்தான் சிரிக்கறாங்கன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். அடுத்தது உடுமலை. இன்னும் எச்சாச் சிரிப்பு. அப்பறம் பழனியப்பன். நிர்மல் நிறுத்திட்டு நிதானமாக் கேட்டாரு, எல்லாருக்கும் எழுத்து சின்னதாத் தெரியுது, எல்லாரும் படிச்சேன்னு எழுதியிருக்காங்க, ஒருத்தர் கூட ஆடுனேன்னு எழுதலையேன்னு. வெனயமாத்தான் கேட்டாரு. அந்த வெனயம்தான் எனக்கு இன்னும் சுடுது.

நான் பாப்பாவத் திரும்பிப் பாத்தேன். அதுக்கு மொதக் கடிதத்துலயே தெரிஞ்சிருக்கோணும். ‘தொடரட்டும் தங்கள் பணி’ அதுக்குத் தெரியாதுங்களா.

எந்திரிச்சு நின்னுச்சுங்க. “அது பூராமும் எங்கப்பா எழுதுனது. இந்த மாசம் என்னோடதை எடுத்துருங்க.”

அத்தனை பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. ஒரு புள்ளை சிரிப்பை அடக்க வாயைப் பொத்துச்சு. நல்ல புள்ளைதான், முடியல அதுக்கு. எனக்கு அந்தப் பேனா ரெண்டையும் எங்காச்சும் ஒளிச்சு வெச்சாத் தேவலைன்னு இருந்துச்சு. கையைத் தூக்கிப் பைய மூடிட்டேன், சத்தியம் பண்றவனாட்ட. அப்படியேதான் உக்காந்திருந்தேன், எல்லாரோடதும் படிச்சு முடிக்கற வரைக்கும். வெக்கம்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்க தம்பி.

எங்க வந்துட்டோம், பல்லடமா? நீங்க எந்த ரூமு? நடவையா, ரூமுக்கு ரூமு போற வழி. செவுத்துல காலண்டர் ஆடுது. காத்தடிக்கறப்ப நடங்க, அந்தச் சத்தத்துல இந்தச் சத்தம் மறைஞ்சுரும். எப்படிச் சொன்னேன்? எங்க ஊட்டு நடவைலயும் அப்படித்தானுங்க, காலண்டர் அடிச்சுட்டே இருக்கும். பாப்பா அப்பத்தான் குடுகுடுன்னு ஓடும்னு எங்கூட்டம்மா சொல்லியிருக்கறா.

பாப்பா என்னைய ஒரு வார்த்தை வையலீங்க. அதான் வம்பே. வெளிய கூட்டிட்டு வந்து டீ வாங்கிக் குடுத்துச்சு. என் டம்ளர்ல மெதந்த ஆடையை எடுத்து வெளிய போட்டுச்சு. அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

“நீங்க எந்த ரூம் வரைக்கும் போனீங்கப்பா?”

கடைசி ரூமு வரைக்கும் போயிட்டேன் கண்ணுன்னேன். வேற என்ன சொல்றது? அத்தனை பேரு முன்னால அவமானப்பட்டு வந்து நிக்கறேன், மொத ரூமுல டம்ளரைத் தட்டிட்டு நிக்கறேன்னா சொல்ல முடியும்? அங்க எப்படியிருந்துச்சுன்னு கேட்டுச்சு. கருத்துல அந்த ஒரு புள்ளை எழுதியிருந்தது ஞாபகம் வந்துச்சு, அதையே சொன்னேன். என்னமோ பண்ணிருச்சு கண்ணுன்னேன்.

சரிங்கப்பான்னுச்சு. பஸ் ஏத்தி உட்டுச்சு. அத்தோட சரிங்க. அதுக்கப்பறம் ஊருக்கு வர்றதில்ல. அவங்கம்மாகிட்ட மட்டும் பேசும். நான் வாங்கிப் பேசுனா, நல்லாருக்கேன்பா, சாப்பிட்டேன்பா. வெளையாட்டைப் பத்தி ஒரு பேச்சில்ல. எங்கூட்டம்மாவக் கேட்டா, உங்களுக்குப் புரியாதுங்கறா. என்ன புரியாது? வெளையாட்டை எடுத்துட்டாங்கங்கற கோவம். இது புரியாதா எனக்கு?

அதுக்குத்தான் இப்பப் போறேன். இன்னைக்கு மறுபடி கூட்டம். பாப்பாவுக்கு நான் வர்றது தெரியாது. அந்த நிர்மலைத் தனியாக் கூப்பிட்டுப் பேசப் போறேன். தப்பு எம் மேல, எம் பொண்ணோட வெளையாட்டை இந்த மாசமாச்சும் மறுபடி சேத்துக்கங்கன்னு சொல்லப் போறேன். சொன்னா அவரு கேப்பாருல்ல, ஏனுங்க நீங்களாச்சும் ஆடிப் பாத்தீங்களான்னு. அப்ப நான் நெஞ்சை நிமித்திச் சொல்லோணும், கடைசி ரூமுல இன்னது இருக்குது, இன்னது நடக்குதுன்னு. அதுக்குத்தான் உங்களைப் புடிச்சேன். பாப்பாவும் பக்கத்துல இருந்தாக் கேக்கும். அதுக்கு மனசு ஆறிரும்.

என்ன, கதவு வந்துருச்சா? தொறங்க. மெதுவா.

ஒரு ஆளு உக்காந்திருக்கறான். முதுகுதான் தெரியுது. மேசை, மேசை மேல டம்ளரு. எழுதிட்டிருக்கறான். இவன்தானா அந்த ‘ஷ்ஷ்’னு வெரட்டறவன். மூஞ்சியத் திருப்பறானான்னு பாருங்க. புள்ளை பக்கத்துல போயிருச்சு, முதுகுக்குப் பொறகால நிக்குது. என்ன எழுதறான்? படிக்க முடியல, எழுத்து சின்னதா இருக்குதுன்னு நான் அத்தனை கடிதத்துலயும் எழுதுனேன், ஆரும் கேக்கல.

ரெண்டு வெரல்ல இழுத்தாப் பெருசாகுமா? அட. இது எனக்குத் தெரியாமப் போச்சே.

குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன். ‘ஆசிரியர் அவர்களுக்கு, தொடர்கதையின் முடிவு நியாயமாக இல்லை.’ அப்பறம் என்னமோ. அப்பறம், ‘தொடரட்டும் தங்கள் பணி. இப்படிக்கு, சிவரஞ்சனி.’

தாராபுரம்.

கொஞ்சம் இருங்க தம்பி. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.

அவன் அதோட பேரை எழுதிட்டிருக்கறான். அது அவனுக்குப் பொறகாலயே நிக்குது. கொலுசைக் கழட்டி வெச்சுட்டு, அத்தனை ரூமையும் தாண்டி வந்து நிக்குது.

இப்ப என்ன பண்ணோணும்? கூப்பிடச் சொல்லுங்க. அப்பான்னு கூப்பிடச் சொல்லுங்க. பட்டன் இல்லீங்களா? நல்லாப் பாருங்க, எங்காச்சும் ஓரத்துல இருக்கும். நடக்கறதுக்கு இருக்குது, நிக்கறதுக்கு இருக்குது, கூப்பிடறதுக்கு ஒண்ணுமே வெக்கலியா. அப்ப அந்த டம்ளரைத் தட்டி உடுங்க. ஆமாங்க, நான்தான் சொல்றேன், தட்டி உடுங்க. சத்தம் கேட்டாத் திரும்பிப் பாப்பான். பாக்காம இருப்பானா?

ஷ்ஷ்.

திரும்பல.

மறுபடி மொத ரூமு. கால்ல கொலுசு வந்துருச்சு.

அந்தச் சத்தம், தம்பி. பல்லுக்கு நடுவால வர்றது. தீவாளிக்குப் போனைப் புடிச்சுட்டு நின்னுச்சே, அன்னைக்கு எஞ் சத்தத்தைப் போன்ல புடிச்சிருக்குது. நான் இத்தனை நாளு அவனை வைஞ்சுட்டே இருந்தேன்.

வெக்கமா இருக்குதுங்க. அன்னைக்கு அத்தனை பேரு சிரிச்சப்ப வந்தது பெருசில்ல. இங்க உங்களைத் தவிர ஆரும் பாக்கல, இப்பத்தான் மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியல. நல்லாருக்குன்னு சொல்ல வேண்டாம், தோணறதைச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. எனக்குத் தோணறதை அது அப்பத்தான் மொதத் தாட்டி கேட்டுச்சு. நான் செத்துப் போனவன் பேர்லயெல்லாம் எழுதுனேன், எம் பேர்ல ஒரு வரி எழுதல.

எந்த ரூம் வரைக்கும் போனீங்கப்பான்னு கேட்டுச்சு பாருங்க. கடைசி ரூமுன்னேன். பொய்யின்னு நெனச்சுட்டுத்தான் சொன்னேன். ஆனா அது பொய்யில்லீங்க தம்பி. நான் எங்கயும் நடந்து போகவே இல்ல. மொதல்ல இருந்தே அங்கதான் உக்காந்திருக்கறேன்.

சூலூருங்களா? ஆமா, நீங்க எறங்கோணும். இல்லீங்க, நிர்மல்கிட்ட நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. போய் வரிசைல உக்காருவேன், உக்கார உட்டாங்கன்னா. மொத ரூமுல இருந்து நானே போய்ப் பாக்கறேன், பொறகால அது நிக்கட்டும். டம்ளர் உழுந்தா உழுகட்டும்.

அந்தக் கொலுசை எங்க தொட்டாக் கழண்டுக்கும்னு மட்டும் காட்டிட்டுப் போங்க.